இன்ஸ்பெக்டருக்குத் தொப்பை விழுந்த கதை

இன்ஸ்பெக்டருக்குத் தொப்பை விழுந்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தது டேப்பக்காதான். வேறு யாரால் முடியும்? அந்தத் தெருவில் யாருக்கு எங்கே சதை போட்டது, யாருக்கு எங்கே வற்றியது என்று கண்ணாலேயே அளந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள். தையல்காரி. எந்நேரமும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். தூங்கும்போதாவது அதைக் கழற்றுவாளா என்பது அவள் புருஷனுக்குத்தான் தெரியும்.

இன்ஸ்பெக்டர் அவள் வளர்க்கும் நாய். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்தி விசாரிக்காமல் விடாது என்பதால் தெரு வைத்த பெயர். மீந்துபோன சட்டைத் துணியில் அவளே அதற்கு ஒரு கழுத்துப்பட்டி தைத்துப் போட்டிருந்தாள். அன்று காலையில் பார்த்தால் பட்டி சதைக்குள் புதைந்து கிடக்கிறது. டேப்பை உருவி நாயின் வயிற்றைச் சுற்றி அளந்தாள். நாயும் துணி தைக்க வந்த ஆள் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. அளவைப் பார்த்தவள், நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

அவள் அதற்குப் போடுவது ஒரு வேளைதான். அதுவும் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போடுவாள். தட்டில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால், கொஞ்ச நாளாகப் புருஷன் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை. தட்டு கழுவி வைத்த மாதிரி இருக்கும். அப்படியானால் இந்த நாய்க்கு யாரோ சோறு போடுகிறார்கள். யார்? அதைவிட முக்கியமாக, ஏன்?

ஊரில் அடுத்தவன் நாய்க்குச் சும்மா சோறு போடுகிற தர்மவான் யாரும் இருப்பதாக டேப்பக்கா நம்பவில்லை. போன மாதம்தான் பால்காரர் ஒரு சேதி கொண்டுவந்திருந்தார். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் திருட வந்தவர்கள், வருவதற்கு முன்னால் பல நாள் அந்த வீட்டு நாய்க்குக் கறி போட்டுப் பழக்கினார்களாம். திருடிய அன்றைக்கு அது வாலை ஆட்டிக்கொண்டே வழி காட்டியதாம். இங்கேயும் அதே லட்சணம்தான். நேற்று ராத்திரி, தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் கோழிக்காரர் வாசலில் வந்து நின்றபோது இன்ஸ்பெக்டர் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

கோழிக்காரர் எதற்கு வந்தார் என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை. அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டுமல்ல, இரண்டு வீட்டுச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் எடுத்த துணி, வெட்டியதும் வெட்டாததுமாக அவள் பீரோவுக்குள் இருந்தது. அதில் ஒரு துண்டு காணாமல் போனால்கூட, இனி யாரும் அவளை நம்பி ஒரு கைக்குட்டைக்கு ஓரம் அடிக்கக்கூடத் துணி தரமாட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாகிவிட்டாள்.

அவள் வீட்டு முன்னறைதான் தையல்கடை. ஜன்னலோரம் மோட்டார் வைத்த மெஷின். எதிரே சுவரோரமாக வெட்டும் மேஜை. மூலையில் ஒரு திரை, அளவெடுக்க. மேஜைக்குக் கீழே சாக்கு விரித்துப் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள், பொத்தான் வைப்பாள், ஓரம் மடித்துத் தைப்பாள். அவளுக்குத் தெருவில் காஜாக்காரி என்றே பெயர். இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே குட்டைச் சுவர். வருஷக்கணக்காக அந்தச் சுவருக்கு மேலாகத்தான் உப்பும் தீப்பெட்டியும் ஊர்வம்பும் கைமாறின.

பெண்கள் எந்நேரமும் வந்துபோகிற இடம் என்பதால் பகலில் முன்வாசல் பக்கம் ஆண் வாடையே கூடாது என்று டேப்பக்கா சட்டம் போட்டிருந்தாள். சட்டம் புருஷனுக்கும் சேர்த்துத்தான். அவர் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். மத்தியானம் பின்சந்து வழியாக வந்து, மூடி வைத்திருக்கிற சாப்பாட்டைத் தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே போய்விடுவார். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. முன்னறையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

மெஷினுக்கு மேலே ஓடுவது டேப்பக்காவின் வாய். அளவெடுக்கும்போது எண்ணை உரக்கச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். காஜாக்காரி துணி ஓரத்தில் சாக்பீஸால் எழுதிக்கொள்வாள். எண்ணோடு நிறுத்தினால் பரவாயில்லை. "முப்பத்தெட்டு! என்னம்மா, போன தடவை முப்பத்தாறுதானே, மாமியார் ஊட்டி விடுறாங்களா?" என்று ஒரு வாலும் சேரும். அந்த வால் மாலைக்குள் தெரு முழுக்க நீளும். ஒரு தடவை மளிகைக்கடைக்காரர் மனைவியை அளந்துவிட்டு, "ஐயோ, என்ன இப்படிக் கரைஞ்சு போயிட்டீங்க!" என்று சொல்லிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் தெரு அந்த அம்மாளுக்கு ஒரு கெட்ட வியாதியைக் கொடுத்து, ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதும் விட்டது. அந்த அம்மாள் தினமும் நடைப்பயிற்சி போனதுதான் விஷயம். இப்போது அவள் டவுனில் தைத்துக்கொள்கிறாள்.

டேப்பக்கா முதலில் சந்தேகப்பட்டது கோழிக்காரரை. கறி அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் தன் வீட்டுத் துணியைத் தானே எதற்குத் திருட வேண்டும்? அடுத்து, தெருமுனையில் புதிதாகக் குடிவந்திருக்கும் செல்போன் ரிப்பேர்க்காரன். அளவுக்கு மீறிச் சிரிக்கிறான். செல்போனே இல்லாத டேப்பக்கா, டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு போய் நோட்டம் விட்டாள். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் அவன் பயந்துபோய் நாற்காலி மேல் ஏறி நின்றான். அவனும் இல்லை.

அடுத்த நாள் குத்தூசியைக் காணோம். தடித்த துணியிலும் தோல்பையிலும் ஓட்டை போடுகிற ஊசி. அது இருக்கும் பெட்டியில் கை வைக்கிறவர்கள் அவளும் காஜாக்காரியும்தான். தேடிப் பார்த்தால் சமையலறையின் பின்ஜன்னல் கட்டையில் கிடக்கிறது. நுனியில் பழுப்பாக ஏதோ துகள். துரு! கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"ஏய், குத்தூசிய நீ எடுத்தியா?" என்று கேட்டாள்.

காஜாக்காரி தலை நிமிரவில்லை. "இல்லக்கா."

"அப்ப அதுக்குக் கால் முளைச்சுப் போச்சா?"

"யாராவது எடுத்திருப்பாங்க. கிடைச்சிருச்சுல்ல, விடுங்க."

வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள் 'விடுங்க' என்கிறாள். டேப்பக்காவுக்கு மூக்கில் வேர்த்தது. அன்று மத்தியானமே இன்னொன்றும் நடந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனவள், காஜாக்காரி பின்சுவரோரம் நின்று யாரிடமோ குசுகுசுவென்று பேசுவதைக் கேட்டாள். "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே... அக்காவுக்குத் தெரிஞ்சா..." டேப்பக்கா கதவைத் திறப்பதற்குள் பேச்சு அறுந்துபோனது. சந்தில் யாரும் இல்லை. சுவரடியில் இன்ஸ்பெக்டர் மட்டும் வாயை நக்கிக்கொண்டு நின்றது.

"யாருகிட்ட பேசின?"

"நாய்கிட்டதான்."

நாயிடம் 'அக்காவுக்குத் தெரிஞ்சா' என்று யார் பேசுவார்கள்? இத்தனை வருஷமாகக் காலடியிலேயே உட்கார்ந்து வேலை செய்தவளா என்று டேப்பக்காவுக்கு மனம் ஆறவில்லை. ராத்திரி புருஷனிடம் சொன்னாள். அவர் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார். இரவில் அவருக்கு இப்போதெல்லாம் பால் மட்டும் போதும், மத்தியானம் வயிறுமுட்டச் சாப்பிட்டுவிடுவதாகச் சொல்வார்.

"அந்தப் பிள்ளையப் போய் சந்தேகப்படாத. நல்ல பொண்ணு" என்றார்.

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான். கல்யாணத்துக்கு உங்களுக்கும் ஒரு சட்டை வெட்டணும், அந்த அளவுச் சட்டைய எடுத்து வைங்க."

"கொஞ்சம் லூசாவே இருக்கட்டும். வயசாகுதுல்ல."

அளவுச் சட்டை என்பது கல்யாணமான புதிதில் அவருக்கு அவள் தைத்த முதல் சட்டை. அதை வைத்துத்தான் இன்றுவரை அவருக்கு வெட்டுகிறாள். கட்டிய புருஷனுக்கு எதற்குத் திரும்பத் திரும்ப அளவெடுக்க வேண்டும்?

மறுநாள் கடை நிறையப் பெண்கள். கல்யாணத் துணியைப் பார்க்கும் சாக்கில் பாதித் தெருவே வந்திருந்தது. பேச்சு திருட்டுப் பக்கம் திரும்பியதும் டேப்பக்காவால் வாயைக் கட்ட முடியவில்லை.

"வெளியாளு எதுக்கு? கூடவே உக்காந்திருக்கிறவங்க போதாதா?" என்றாள். "பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா? என் பெட்டியில யாரு கை வைக்கிறா? என் நாய்க்குச் சோறு போட்டு யாருக்கு வழி விடுறாங்கன்னு எனக்கா தெரியாது?"

மெஷின்கூட நின்றிருந்தது. எல்லோரும் மேஜைக்குக் கீழே பார்த்தார்கள். காஜாக்காரியின் முகம் வெளுத்துப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுற்றி இருந்த முகங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். பாதி காஜா எடுத்திருந்த மாப்பிள்ளைச் சட்டையில் ஊசியைக் குத்தி, சட்டையை மடித்துச் சாக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"தப்பு இல்லேன்னா பதில் சொல்லியிருப்பால்ல?" என்றாள் ஒருத்தி.

"நாளன்னைக்குக் காலையில வந்து நில்லுங்க, ஆளையும் சேத்துப் பிடிச்சுத் தெருவுல நிறுத்துறேன் பாருங்க" என்றாள் டேப்பக்கா. ஜம்பத்துக்காகச் சொல்லிவிட்டாள்.

பிடிப்பது எப்படி? மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறவரைக்கும் அவள் முன்னறையில்தான் இருக்கிறாள் என்று திருடன் நினைப்பான். அதுதான் அவனுக்குத் தைரியம். எனவே மறுநாள் மத்தியானம், கதவைச் சாத்தி, ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, மெஷினின் பெடல் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். தைப்பதற்குத் துணியும் இல்லை, தைக்க ஆளும் இல்லை, மெஷின் பாட்டுக்குக் கடகடவென்று ஓடியது. தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. அளவுகோல் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்துபோய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

கொல்லைக் கதவு திறந்தது. வந்தது புருஷன்தான்.

நல்லதாய்ப் போயிற்று, திருடன் வந்தால் இரண்டு பேராகப் பிடிக்கலாம் என்று நினைத்தாள். கூப்பிட வாயெடுத்தவள், சத்தம் போட்டால் காரியம் கெடும் என்று அடக்கிக்கொண்டாள்.

அவர் தட்டை எடுத்தார். சோற்றைப் பிசைந்தார். ஒரு சின்னக் கவளத்தை வாயில் வைத்து, வெகுநேரம் மென்றார். விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். உடனே தண்ணீர் குடித்தார். தண்ணீரும் இறங்காமல் புரையேறியது. சத்தம் வெளியே வராமல் தோளில் கிடந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு தட்டோடு கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் காத்துக்கொண்டிருந்தது. மிச்சம் முழுவதையும் அதற்கு ஊட்டினார். அது நக்கி முடித்ததும் தட்டைக் கழுவி, துடைத்து, வைத்த இடத்தில் வைத்தார். எழுந்து நின்றபோது பேன்ட் நழுவியது. பெல்ட்டை இழுத்து இறுக்கினார். பழுப்புத் தோல் பெல்ட். கம்பெனி போட்ட ஓட்டைகளைத் தாண்டி, கோணல்மாணலாக, கையால் குத்திய ஓட்டைகள்.

டேப்பக்காவின் கையிலிருந்து அளவுகோல் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். முன்னறையில் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், அவளைப் பார்த்தார், எதுவும் புரியாமல் விழித்தார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"கொஞ்ச நாளாத்தான். தொண்டையில நிக்குது. சரியாயிரும்னு பாத்தேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல? நான் யாரு உங்களுக்கு?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. "மளிகைக்கடைக்காரர் வீட்டம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. அதுக்கே வீடு தேடிப் போய் அழுதீங்க. எனக்கு என்னமோ இருக்கு. நான் செத்தேனா பொழைச்சேனான்னு நம்ம முன்னறையிலயே உக்காந்து பேசுவாங்க. அதை உள்ள இருந்து நான் கேக்கணுமா?"

அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். அவர் பக்கத்தில் மண்டியிட்டு இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். நாயை அளந்தவள், தெருவையே அளந்தவள், இந்த மனிதரை அளந்து எத்தனை காலம் ஆயிற்று! முனையும் முனையும் சேர்ந்த இடத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"காஜாக்காரிக்கு மட்டும் தெரியும்" என்றார் அவர். "சுவத்துக்கு மேல பாத்துட்டா. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு தினமும் சண்டை. நான்தான் சத்தியம் வாங்கிட்டேன்."

வெயில் தாழ்வதற்குள் அவள் சுவருக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். அந்தப் பக்கம் காஜாக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உன்னைப் போய்த் திருடின்னு சொன்னேனே. அப்பக்கூட ஏன்டி வாயத் திறக்கல?"

"திறந்திருந்தா அங்க இருந்த அத்தனை பேருக்கும்ல தெரிஞ்சிருக்கும்."

"எங்கிட்ட மட்டும் தனியா சொல்லியிருக்கலாம்ல?"

காஜாக்காரி கையிலிருந்த துணியை உதறினாள். "உங்ககிட்ட மட்டும் சொன்னா, உங்ககிட்ட மட்டுமாக்கா இருக்கும்?"

செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. வீட்டுக்குள் வந்ததும் இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. நாளைக் காலையில் தெரு வந்து நிற்கும். திருடன் எங்கே என்று கேட்கும். உண்மையைச் சொன்னால் புருஷனின் மானம் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் காஜாக்காரி சாகிறவரைக்கும் திருடிதான்.

மறுநாள் காலையில் தெரு சொன்னபடி வந்தது. ரிப்பேர்க்காரன்கூட, நாய் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எட்ட நின்றான். டேப்பக்கா வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஆளு அகப்பட்டாச்சு. நான்தான். தினமும் காலையில நாய்க்குச் சோறு போட்டுட்டு, மறந்துபோய் மத்தியானம் இன்னொரு தடவை நானே போட்டிருக்கேன். குத்தூசியும் நானே வச்சிட்டு நானே தேடியிருக்கேன். என் புத்தியத்தான் அடிக்கணும். ஒரு பாவமும் அறியாதவளப் போட்டு வதைச்சிட்டேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "டேப்பக்காவுக்கு மூளையில இஞ்ச் குறைஞ்சு போச்சு" என்றாள் ஒருத்தி. "கல்யாணத் துணியில கையையும் காலையும் மாத்தி வச்சுத் தைச்சிராதம்மா" என்று கோழிக்காரர் நிஜமாகவே பயந்தார். இந்தச் சேதி இன்னும் ஒரு வருஷத்துக்குத் தெருவில் ஓடும். ஓடட்டும் என்று அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் காஜாக்காரி உள்ளே வந்தாள். சாக்கின் மேல் இருந்த மாப்பிள்ளைச் சட்டையை எடுத்து, குத்தி வைத்திருந்த ஊசியை உருவி, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

"முதல் பஸ் காலையிலயே இருக்குக்கா. டவுன் ஆஸ்பத்திரியில சீக்கிரம் போனாத்தான் டாக்டரப் பாக்க முடியும். நானும் வரேன்" என்றாள், தலை நிமிராமல்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மூன்று பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். ராத்திரி டேப்பக்கா அவருடைய சட்டை ஒன்றைப் பிரித்து, புது அளவுக்குப் பிடித்துத் தைத்திருந்தாள். அது உடம்போடு ஒட்டி இருந்ததில்தான் அவர் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்பது முழுதாகத் தெரிந்தது. அவள் அவர் பக்கம் பார்க்காமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னக்கா, குடும்பத்தோட காலங்காத்தால? என்ன சேதி?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு டேப்பக்காவிடம் பதில் இல்லாமல் போனதே கிடையாது.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றாள். "பொத்தான் வாங்கப் போறோம்."